குறிப்பறிதலும் மனச்சோர்வும்: பேராதனையில் எழுந்த ஒரு கேள்வி

பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 2025 மார்ச் மாதத்தில் 95 வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது இரண்டு விடயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவுக்கு வந்தன. ஒன்று, மாணவப் பருவத்தில் பேராதனை நூலகத்தில் நான் படித்த அவரது கட்டுரை. மற்றது, அக்கட்டுரையைப் படித்திருந்தும் அதனால் ஒரு பயனும் பெறாதவனாக நான் கைவிட்டுவிட்ட ஒரு பாடசாலைத் தோழன்.

தோழனின் பெயர் இங்கு வேண்டாம். மடவளையில் நாங்கள் இருவரும் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அவனது உம்மா மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார். 1980ஐ ஒட்டிய காலம் அது. உம்மாவின் உம்மாதான் அவனை வளர்த்தார். படிப்பில் கெட்டிக்காரன், விளையாட்டிலும் அப்படியே. ஆனால் யாராவது தன்னைப் பற்றிப் பேசுகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவனிடம் இருந்தது. அதை நாங்கள் கேலி செய்ததுண்டு. நாற்பது வயதைக் கடந்த பின் ஒரு காலத்தில் அவன் கண்டியிலுள்ள தன் தொழிலைக் கவனிக்காமல் விட்டான். கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை. தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. இரண்டு முறை அழைத்துப் பார்த்த நான், 'பெரிய மனிதனாகிவிட்டான், பெருமை பிடித்துவிட்டது' என்று முடிவு கட்டி ஒதுங்கிக்கொண்டேன். வேறு சிலர் சோம்பல் என்றார்கள். இன்னும் சிலர் ஈமான் குறைவு என்றார்கள்.

அவனுக்கு வந்திருந்தது மனச்சோர்வு என்னும் நோய். உறவினர் ஒருவர் அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, மாதக் கணக்கில் சிகிச்சை நடந்து, அவன் மீண்டு வந்த பிறகுதான் எங்களுக்கு இது தெரியும். அந்நாட்களில் ஒருமுறை கண்டி பஸ் நிலையத்தில் என்னைக் கண்டும் காணாததுபோல் அவன் போனதை நான் பின்னர் நினைவூட்டியபோது அவன் சொன்னான்: "மச்சான், ஒன்ட மொகத்துல எனக்கு எரிச்சல் மட்டுந்தான் தெரிஞ்சிச்சி. இவனுக்கு நான் பாரமாப் பெய்த்தேன் எண்டு நெனச்சிட்டுத்தான் போனேன்."

அன்று என் முகத்தில் இருந்தது கவலை என்றே நான் இன்றும் நம்புகிறேன். அதை அவன் எரிச்சலாகப் படித்தான். அவன் முகத்தில் இருந்த துயரத்தை நான் பெருமையாகப் படித்தேன். நோயுற்றவன் பிழையாகப் படித்ததற்குக் காரணம் உண்டு. நோயில்லாத நான் ஏன் பிழையாகப் படித்தேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கம்பர்வெல் பெண்கள்

ஒபேசேகர 1930இல் பிறந்தவர். பேராதனையில் ஆங்கில இலக்கியம் கற்று 1955இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேராதனையிலேயே சமூகவியல் கற்பித்தார். 1980 முதல் ஓய்வு பெறும்வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். கதிர்காமத்தில் சடைமுடியோடு ஆடிவரும் துறவிப் பெண்களைப் பற்றி அவர் 1981இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. தனி மனிதரின் இழப்பும் குற்ற உணர்வும் எவ்வாறு சமய அடையாளமாக உருமாறுகின்றன என்பதே அதன் பொருள்.

நான் படித்த கட்டுரை 1985இல் ஆர்தர் கிளைன்மன், பைரன் குட் ஆகியோர் தொகுத்த நூலொன்றில் வெளிவந்தது. மனச்சோர்வு, பௌத்தம், இலங்கைப் பண்பாடு ஆகிய மூன்றையும் அது ஒருங்கே பேசுகிறது. அக்கட்டுரையை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அது எந்த நூலுக்கு மறுமொழியாக எழுந்ததோ அந்நூலை முதலில் அறிய வேண்டும்.

லண்டனின் தென்பகுதியில் கம்பர்வெல் என்றோர் இடம் உண்டு. 1970களில் ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கு வாழ்ந்த 458 பெண்களை வீடு வீடாகச் சென்று சந்தித்தனர். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல், அடுப்படியில் நின்றவர்களையும் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவர்களையும் அவர்கள் பார்த்தார்கள் என்பதே அதன் சிறப்பு. 1978இல் வெளிவந்த அவர்களது நூல், மனச்சோர்வுக்குச் சமூக வேர்கள் உண்டு என்று நிறுவியது. ஓர் இழப்போ பெரும் சிரமமோ நேரும்போது சிலர் மட்டும் நோயில் வீழ்வதேன் என்ற கேள்விக்கு நான்கு காரணிகளை அவர்கள் சுட்டினர். மனம்விட்டுப் பேசக்கூடிய நெருக்கமான உறவு இல்லாமை, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருத்தல், வெளியில் தொழில் இல்லாமை, 11 வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல் என்பன அவை.

நான்காவது காரணி என் நெஞ்சில் தங்கிவிட்டது. எப்போதோ சிறு வயதில் நேர்ந்த ஓர் இழப்பு, முப்பது ஆண்டுகள் கழித்து வேறோர் இழப்பு வரும்போது துணைக்கு வந்து நின்று ஆளை வீழ்த்துகிறது என்றல்லவா அது சொல்கிறது!

ஒபேசேகரவின் மறுமொழி

பிரவுணும் ஹரிஸும் மனச்சோர்வு உருவாகும் விதத்தை இவ்வாறு விளக்கினர்: முக்கியமான ஒன்றை இழந்த ஒருவருக்கு நம்பிக்கையின்மை தோன்றுகிறது, அது அந்த ஒன்றோடு நில்லாமல் வாழ்வு முழுவதையும் பற்றிய நம்பிக்கையின்மையாக விரிந்துவிடும்போது நோயாகிறது.

இதைப் படித்த ஒபேசேகர, இந்த வர்ணனை ஒரு நோயாளியைவிட ஒரு நல்ல பௌத்தருக்கே பொருந்துகிறது என்று எழுதினார். உலகம் துன்பமயமானது, உடல் அருவருப்பானது, பற்றே துயரத்தின் மூலம் என்று போயா தினத்தில் வெள்ளையுடுத்துச் சீலம் காத்து விகாரையில் அமர்ந்து தியானிக்கும் முதியவர், தன் இழப்பை உலகத்தின் இயல்பாகவே விரித்துப் பார்க்கிறார். ஆனால் அவர் நோயாளியல்லர். அவரது துயரத்துக்கு ஒரு மொழியும், இடமும், சடங்கும், உடன் அமர்ந்திருக்கும் மனிதர்களும் உண்டு. வாழ்வில் வெறுப்புற்றுத் தளர்வதைச் சிங்களத்தில் 'கலகிரீம' என்பார்கள். அச்சொல் நோயின் பெயராக மட்டும் நின்றுவிடாமல் ஞானத்துக்கான வாசலாகவும் அப்பண்பாட்டில் கொள்ளப்படுகிறது என்பதை அவர் காட்டினார்.

அவர் இன்னொரு வேடிக்கையான கேள்வியையும் எழுப்பினார். தெற்காசியாவில் விந்து இழப்பு ஒரு நோயாகக் கருதப்படுகிறது. உடல் மெலிவு முதலிய அதன் அறிகுறிகள் எல்லா நாடுகளிலும் காணக்கிடைப்பவையே. அப்படியானால் ஏராளமான அமெரிக்கர்கள் விந்து இழப்பு நோயால் வருந்துகிறார்கள் என்று ஒரு தெற்காசியர் அறிவித்தால் உலகம் சிரிக்காதா? மேற்கு நாடொன்றில் வகுத்த அறிகுறிப் பட்டியலைக் கொண்டுவந்து நமது துயரங்களுக்கெல்லாம் மனச்சோர்வு என்று பெயரிடும்போது மட்டும் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

மாணவனாக இருந்த எனக்கு இது பெரும் கிளர்ச்சியூட்டியது. மேற்குலகத்துக்குப் பதிலடி கொடுத்துவிட்டார் நம்மவர் என்று பெருமைப்பட்டேன். துயரத்தை ஏந்திக்கொள்ளும் வல்லமை நமது பண்பாட்டுக்கு உண்டு என்று நம்பினேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றே இன்றும் கருதுகிறேன். எங்கள் ஊர் மையித்து வீடுகளில் அண்டை அயலார் சமைத்துக் கொண்டுவருவதும், பேச்சின்றி உடன் உட்கார்ந்திருப்பதும் அந்த ஏந்தலின் வடிவங்களே.

ஆனால் எல்லாத் துயரமும் அவ்வாறு ஏந்தப்படுவதில்லை. அக்கட்டுரை வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்த 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற வீதத்தில் மக்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அன்று உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த விவசாய மருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின்னர் அவ்வீதம் பெருமளவு வீழ்ந்தது. இறந்தவர்கள் எல்லோரும் மனச்சோர்வு நோயாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் துயரத்தை ஏந்தும் பண்பாடு இருந்தும், அதன் கையில் அகப்படாமல் நழுவி வீழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அவர்கள் ஏன் நழுவினார்கள்? துயரத்தைப் பிறரிடம் கொண்டு செல்ல வேண்டுமானால், கேட்பவர் மனதில் இரக்கம் இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை எங்கே கற்கப்படுகிறது? இங்கேதான் வேறொரு வரலாறு வந்து சேர்கிறது.

பற்றும் பிணைப்பும்

ஜோன் போல்பி 1907இல் லண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். அக்காலத்து மேல்தட்டு வழக்கப்படி அவரைத் தாதிப்பெண்ணே வளர்த்தாள். தாயை நாளொன்றுக்குச் சிறிது நேரமே காண முடிந்தது. நான்கு வயதாகும் தறுவாயில் அத்தாதி விலகிச் சென்றாள். தாயை இழந்ததற்கு ஒப்பான துயரமாக அதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

உளமருத்துவரான போல்பி 1944இல் 44 சிறுவர் திருடர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் யாரிடமும் அன்போ வெட்கமோ இல்லாதவர்கள் போல் தோன்றியவர்கள் 14 பேர். அந்த 14 பேரில் 12 பேர் குழந்தைப் பருவத்தில் தாயிடமிருந்து நீண்டகாலம் பிரிக்கப்பட்டிருந்தனர். சிறிய ஆய்வுதான், குறைகளும் உண்டு. எனினும் போருக்குப் பின் அநாதைகள் நிறைந்திருந்த ஐரோப்பாவில் அவரது குரல் கேட்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளியானது. மறு ஆண்டு அவரது சகா ஜேம்ஸ் ரொபட்சன், சிறிய சத்திரசிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைத் திரைப்படமாக்கினார். அழுது, பின் அழுகையை அடக்கி, கடைசியில் தாய் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அக்குழந்தையைக் கண்ட வைத்தியர்கள் முதலில் கோபமடைந்தனர். பின்னர் பிரித்தானிய மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளைகளோடு தங்க வழி பிறந்தது.

போல்பி இந்தப் பிணைப்பைப் பசி, தாகம் போன்றதோர் அடிப்படைத் தேவை என்றார். ஒபேசேகர எழுதிய பௌத்தத்தில் பற்று துயரத்தின் மூலம். போல்பியிடம் அதுவே வாழ்வின் அடித்தளம். இரண்டுக்கும் முரண் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தவரே பின்னர் பிடியைத் தளர்த்தவும் வல்லவராகிறார்.

பிணைப்பின் வகைகளை முதன்முதலில் நேரிற் கண்டு குறித்தவர் மேரி ஐன்ஸ்வர்த். அதுவும் இங்கிலாந்தில் அன்று, ஆபிரிக்காவிலே. 1954இல் உகண்டா சென்ற அவர், கம்பாலா நகரை அண்டிய கிராமங்களில் 26 குடும்பங்களை மாதக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாய் சில நிமிடங்கள் தனியே விட்டுத் திரும்பும் புகழ்பெற்ற சோதனையை அமைத்தார். சில குழந்தைகள் தாய் போனதும் அழுது, வந்ததும் ஓடிச்சென்று ஒட்டி, ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடின. இது பாதுகாப்பான பிணைப்பு. சில குழந்தைகள் தாய் வந்ததையே கவனியாததுபோல் பொம்மையோடு இருந்தன. இது விலகும் பிணைப்பு. இன்னும் சில, தாயை இறுகப் பற்றியும் ஆறுதலடையாமல் அடித்து அழுதன. இது பதற்றப் பிணைப்பு. எந்த ஒழுங்கிலும் அடங்காத நான்காம் வகையொன்றை அவரது மாணவி மேரி மெய்ன் 1980களில் சேர்த்தார்.

1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே சாயல்களை வளர்ந்தவர்களின் காதலிலும் மணவாழ்விலும் தேடினர். அன்றிலிருந்து நடந்த பெருந்தொகையான ஆய்வுகள், பாதுகாப்பற்ற பிணைப்புச் சாயல், குறிப்பாகப் பதற்றச் சாயல் உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்கின்றன. கூடுதல் என்றால் கட்டாயம் என்று பொருளன்று. இதை மறந்துவிடலாகாது.

குறிப்பறிதல்

பிறர் மனதில் உள்ளதை முகத்தாலும் குரலாலும் அறிவதை நம் முன்னோர் குறிப்பறிதல் என்றனர். திருக்குறளில் அப்பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது பொருட்பாலில் அரசவையைப் பற்றியது. 110ஆவது இன்பத்துப்பாலில் காதலரைப் பற்றியது. ஆட்சிக்கும் அன்புக்கும் ஒரே திறமை வேண்டும் என்று வள்ளுவர் கண்டிருக்கிறார்.

மேற்குலக உளவியல் இத்திறமையைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். 1978இல் பிரிமாக், வுட்ரஃப் என்போர் மனிதக் குரங்குக்கு மற்றவரின் எண்ணம் விளங்குமா என்று கேட்டனர். 1983இல் ஒஸ்திரியாவில் விம்மர், பெர்னர் என்ற இருவர் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சொக்லட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சொக்லட் இப்போது உள்ள இடத்தைக் காட்டுகிறது. நான்கு, ஐந்து வயதில்தான் 'அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில் தேடுவான்' என்று சொல்ல வருகிறது. என் மனமும் பிறர் மனமும் வேறு என்ற அறிவு பிறக்கும் தருணம் அது.

இந்த அறிவையும் பிணைப்பையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஃபோனகி. 1952இல் ஹங்கேரியில் பிறந்து, பதின்ம வயதில் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். தாய் தன் முகத்தைப் பார்த்து 'பசிக்கிறதா, பயந்துவிட்டாயா' என்று சரியாகப் படித்துச் சொல்லும்போது, குழந்தை தன் மனத்தை அவளது கண்ணாடியில் கண்டு அறிகிறது. தன் மனம் படிக்கப்பட்ட பிள்ளையே பிறர் மனத்தைப் படிக்கக் கற்கிறது என்பது அவரும் அவரது குழுவினரும் முன்வைத்த கருத்து.

அவர்கள் முதற்பிள்ளையை எதிர்பார்த்திருந்த தாய்மாரிடம் பிரசவத்துக்கு முன்பே அவர்களது குழந்தைப் பருவத்தைப் பற்றி நீண்ட உரையாடல் நடத்தினர். 1991இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அந்த உரையாடலை மட்டும் கொண்டே, இன்னும் பிறவாத பிள்ளை ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்போடு இருக்குமா என்பதை நான்கில் மூன்று பங்கு சரியாகச் சொல்ல முடிந்தது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 1994இல் வந்த தொடர் ஆய்வு. தாமே சிறு வயதில் கடும் இழப்பும் இல்லாமையும் அனுபவித்த தாய்மாரை அவர்கள் தனியே எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் தமக்கு நேர்ந்ததையும் அதற்குக் காரணமானவர்களின் மனதையும் எண்ணிப் பார்த்துப் பேசும் திறன் மிக்கவர்கள் 10 பேர். அந்த 10 பேரின் பிள்ளைகளும் பாதுகாப்பான பிணைப்போடு இருந்தன. அத்திறன் குறைந்த 17 தாய்மாரில் ஒருவரது பிள்ளை மட்டுமே அவ்வாறு இருந்தது. எண்ணிக்கை சிறியது, இதை வைத்துச் சட்டம் வகுக்க முடியாது. ஆயினும் பட்ட துன்பம் தலைமுறை தாண்டிச் செல்வதும் நின்றுபோவதும் அத்துன்பத்தை எண்ணிப் பேச முடிகிறதா என்பதோடு பின்னிக்கிடக்கிறது என்பதை இது காட்டுகிறது.

சோர்வுற்ற கண்

இனி மனச்சோர்வுக்கு வருவோம். கண்களின் பகுதியை மட்டும் காட்டும் 36 புகைப்படங்களைக் கொடுத்து, அக்கண்களுக்குரியவர் என்ன உணர்கிறார் என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பாரன்-கோஹனின் குழுவினர் 2001இல் இன்றைய வடிவில் வெளியிட்டது. கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கேட் ஹார்க்னஸ் முதலிய ஆய்வாளர்கள் 2005இல் இச்சோதனையைக் கொண்டு இரண்டு முடிவுகளை வெளியிட்டனர். கடுமையான மனச்சோர்வுற்ற பெண்கள் பிறர் கண்களைப் படிப்பதில் பின்தங்கினர். ஆனால் இலேசான சோர்வில் இருந்த பல்கலைக்கழக மாணவர்களோ, சோர்வற்ற மாணவர்களைவிடச் சரியாகப் படித்தனர்!

முரண்போல் தோன்றினாலும் நாம் அறிந்த உண்மையே இது. சிறிது மனம் நொந்தவர் பிறர் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறார். யார் தன்னை விரும்புகிறார், யார் வெறுக்கிறார் என்று அளந்துகொண்டே இருக்கிறார். சோர்வு முற்றும்போது பார்க்கும் வலிமையே போய்விடுகிறது. அப்போது முகத்தில் உள்ளதைப் படிக்காமல், தன் நெஞ்சில் ஏற்கெனவே எழுதியிருப்பதையே பிறர் முகத்திலும் படிக்கிறார்.

பிணைப்பின் சாயல் இங்கே தன் கைவரிசையைக் காட்டுகிறது. பதற்றச் சாயல் உள்ளவர் அதிகமாகப் படிப்பவர்; ஒரு பெருமூச்சிலும் கைவிடலைக் காண்பார். விலகும் சாயல் உள்ளவர் படிப்பதையே நிறுத்திக்கொள்பவர். யாரும் உதவப்போவதில்லை, பார்த்து என்ன பயன் என்பார். இவை கறாரான விதிகளல்ல, சாய்வுகள் மட்டுமே. மனச்சோர்வு வந்ததால் பிணைப்புத் தளர்ந்ததா, பிணைப்புத் தளர்ந்திருந்ததால் மனச்சோர்வு வந்ததா என்பதை ஒருவரிடம் மட்டும் வைத்துத் தீர்மானிப்பதும் கடினம்.

திரும்பித் திரும்பிப் பார்த்த என் தோழனின் பழக்கம் இப்போது எனக்கு விளங்கியது. சிறுவனாக இருந்தபோது முகங்களைப் படிப்பதில் அவன் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவன். நோய் முற்றியபோது அந்தக் கூர்மையே அவனுக்கு எதிராகத் திரும்பிற்று.

தாய்மாரைக் குற்றம் சொல்லலாமா?

இவ்வளவையும் படித்த ஒருவர், 'அப்படியானால் வெளிநாடு போன தாயே காரணம்' என்று சொல்லிவிடக்கூடும். எங்கள் ஊர்ப் பக்கங்களில் இத்தீர்ப்பு நெடுங்காலமாகவே வழங்கப்பட்டு வருகிறது. வீட்டு வாடகையும் பிள்ளையின் சப்பாத்தும் அந்த உம்மாவின் வியர்வையிலிருந்து வந்தன என்பதைத் தீர்ப்புச் சொல்வோர் மறந்துவிடுகின்றனர். பிரித்தானியாவிலும் போருக்குப் பின் பெண்களை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப் போல்பியின் பெயர் பயன்படுத்தப்பட்டதுண்டு. நமது அரசும் 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வதைத் தடுத்துக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2022இல்தான் அவ்விதி தளர்த்தப்பட்டது. தகப்பன்மார் வெளிநாடு செல்வதற்கு அப்படியோர் அறிக்கை கேட்கப்படவில்லை என்பதையும் இங்கு குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் அந்தத் தீர்ப்பை ஆதரிக்கவில்லை. பிள்ளைக்கு வேண்டியது தன் மனத்தைப் படிக்கும் நிலையான ஒருவர். ஐன்ஸ்வர்த் சென்ற உகண்டாக் கிராமங்களிலும் குழந்தைகள் ஒருவர் கையில் மட்டும் வளரவில்லை. பாட்டியும், பெரியம்மாவும், சாச்சியும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகள் நம்மிடையே ஆயிரம் ஆயிரம். அவர்களுட் பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள். பெற்ற தாய் அருகிலிருந்தும் மனம் படிக்கப்படாமல் வளர்ந்தவர்களும் உண்டு. கம்பர்வெல் ஆய்வு சொன்ன முதற்காரணியை மீண்டும் நினைவுகூர்வோம்: மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாமை. அந்த ஒருவரை எந்த வயதிலும் ஒருவர் பெறலாம். அந்த ஒருவராக எந்த வயதிலும் நாம் ஆகலாம்.

என் தோழனை மீட்டதிலும் இதுவே நடந்தது. மருந்து வேலை செய்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதனோடு, அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்ற உறவினர் கிழமை தவறாமல் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். "ஏன் இப்படி இருக்கிறாய்" என்று அவர் கேட்டதேயில்லையாம். "நீ கதவைத் திறக்க நேரம் எடுத்தபோது எனக்குக் கவலையாக இருந்தது" என்பதுபோலத் தன் மனத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவாராம். அவன் ஊகிப்பதற்கு அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. படிக்கும் வலிமை இழந்தவனுக்குத் தன் மனத்தைத் தானே வாசித்துக் காட்டினார். உளவியல் நூல் எதையும் அவர் படித்தவரல்லர்.

ஈமான் குறைவு என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி, உடலினதும் உள்ளத்தினதும் நலம் பற்றி எழுதிய நூலில் துயரத்தை இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் தெரியாத துயரம் மற்றொன்று. இரண்டாவதன் வேரை உடலிலும் தேட வேண்டும், அதற்கு மருத்துவமும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் நோயென்று கண்டதை நாம் இன்று குற்றமென்று காண்பது எவ்விதத்திலும் நியாயமன்று.

இனி, நோயில்லாத நான் ஏன் பிழையாகப் படித்தேன் என்ற கேள்வி. நேர்மையாகச் சொல்வதானால் நான் படிக்கவேயில்லை. இரண்டு அழைப்புகளோடு நிறுத்திக்கொண்டேன். அவன் அழைப்பை எடுக்காததை என்னைப் பற்றியதாக எண்ணினேன். அவனைப் பற்றியதாக எண்ணவில்லை. சொக்லட் கதையிலே மூன்று வயதுக் குழந்தை செய்த அதே பிழை. எனக்குத் தெரிந்ததே அவனுக்கும் தெரியும், என் அக்கறை அவனுக்கு விளங்காமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவனுக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவுமில்லை.

துயரத்தை ஏந்திக்கொள்ளும் பண்பாடு நம்மிடம் உண்டு என்று ஒபேசேகர எழுதினார். பண்பாடு தானாக எதையும் ஏந்துவதில்லை. அதன் பெயரால் யாரோ ஒருவர் எழுந்து சென்று ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பேராதனை நூலகத்தில் அக்கட்டுரையைப் படித்தபோது இது எனக்கு விளங்கவில்லை. விளங்கியது கண்டி பஸ் நிலையத்தில், அதுவும் பல ஆண்டுகள் தாமதித்து.

இலங்கையிலுள்ள வாசகர்கள் எவருக்காவது, தமக்கோ தம்மைச் சார்ந்தவருக்கோ இத்தகைய சோர்வு இருப்பதாகத் தோன்றினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சுமித்ரயோ அமைப்பும் 1974 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. வெளிநாடுகளில் வாழ்வோருக்கு அந்தந்த நாடுகளில் இவ்வாறான சேவைகள் உண்டு. அதற்கு முன், நீண்ட நாட்களாக உங்கள் அழைப்பை எடுக்காத நண்பர் ஒருவர் உங்களுக்கு இருந்தால், மூன்றாவது முறையும் அழைத்துப் பாருங்கள். எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள். போனபின் உங்கள் மனதில் உள்ளதை அவர் ஊகிக்கட்டும் என்று விட்டுவிடாமல் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.